மருந்தை மாற்றுமுன்

கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் நம் அங்கத்தினர் சிலர் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொண்டு வருகின்றனர். முதலில் இறங்கிய கொழுப்பு பின்னர் ஏறக் கண்டதும், “உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது” என்று கூறித் தாமே மாத்திரையை மாற்றுகின்றனர்; சிலர் நிறுத்தியும் விடுகின்றனர். இதை நாம் ஒப்புவதற்கில்லை.

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1973-இல் பூஞ்சணத்திலிருந்து கண்டறிந்த பொருளே ஸ்டாடின் மருந்துகளுக்கு முன்னோடி. கல்லீரல் கொழுப்பை உண்டாக்குவதை இவை தடுக்கின்றன. தவறாது உட்கொள்வோரிடம் இவற்றின் வலிமை பெரும்பாலும் குன்றுவதில்லை. விளைச்சல் குறைந்தால் விதையை மட்டுமா பழிக்கிறோம்? நீரையும் மண்ணையும் பார்க்கிறோமல்லவா? அவ்வாறே தவறவிட்ட வேளைகள், எண்ணெய்ப் பலகாரம், கூடிய எடை, தைராய்டுக் குறை ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும்.

மருந்தின் அளவை இரட்டித்தாலும் கெட்ட கொழுப்பு மேலும் ஏறத்தாழ 6 சதவீதமே குறையும். ஆகவே அளவைக் கூட்டுவதா, அடோர்வாஸ்டாடினை விடுத்து ரோசுவாஸ்டாடின் கொடுப்பதா, எசிடிமைப் சேர்ப்பதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். தாமாக நிறுத்துவது மாரடைப்புக்கு வழி திறப்பதாகும்.

அங்கத்தினர்களே! பழைய, புதிய பரிசோதனைச் சீட்டுகளுடன் வைத்தியரிடம் செல்லுங்கள். தவறிய வேளைகளை மறைக்காது சொல்லுங்கள். கணக்கில் ஒளிவின்மை சங்கத்தைக் காப்பது போல், அது உங்கள் உயிரையும் காக்கும்.