சாமி தீர்த்த கணக்கு, தீராத வழக்கு!

போலீஸ் படத்துக்கு இரண்டாம் பாகம் ஏன் வருகிறது? வசூலுக்காக என்பார்கள். அது பாதி உண்மை. முதல் பாகத்தில் ஹீரோ வழக்கை முடிக்காமல் விட்டுவிடுகிறார். மீதிப் பாதி அதுதான்!

நம்ப முடியவில்லையா? "சாமி"யையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2003-ம் ஆண்டு மே 1-ந் தேதி வந்த படம். டைரக்டர் ஹரி. திருநெல்வேலி துணை கமிஷனர் ஆறுச்சாமியாக விக்ரம். வில்லன் பெருமாள் பிச்சையாக கோட்டா சீனிவாசராவ். ஆறுச்சாமி முதலில் பிச்சையிடம் மாமூலும் வாங்குவார். ஊர் அமைதியாக இருக்கட்டும் என்று அதற்கு ஒரு கணக்கு வைத்திருப்பார். கடைசியில் பிச்சையை மடக்கி, கதையை முடித்து, செங்கல் சூளையில் எரித்துவிடுவார். ஊருக்குச் சொன்ன சேதி என்ன? பிச்சை தலைமறைவு!

விசில் பறந்தது. மில்லில் ஷிப்டு முடித்து வந்தவரும் கை தட்டினார். ஒப்பணக்கார வீதியில் கடை சாத்திவிட்டு வந்தவரும் கை தட்டினார். டி.வி.யில் போட்டால் இன்றைக்கும் சேனலை மாற்ற மனசு வராது.

15 வருஷம் கழித்து...

2018 செப்டம்பர் 21-ந் தேதி அதே ஹரி, அதே விக்ரம். படம் "சாமி ஸ்கொயர்".

பெருமாள் பிச்சையின் மகன் ராவணப் பிச்சை இலங்கையிலிருந்து வந்து இறங்குகிறான். அப்பன் எங்கே என்று தேடுகிறான். விஷயம் தெரிந்ததும் ஆறுச்சாமியையும் மனைவி புவனாவையும் கொல்கிறான். அவர்கள் பிள்ளை ராமசாமி வளர்ந்து ஐ.பி.எஸ். ஆகி வந்து பழி தீர்க்கிறான். அப்பா, மகன் இரண்டு பேரும் விக்ரம்தான். வில்லன் பாபி சிம்ஹா. திரிஷா நடித்த புவனா வேடத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ்.

இரண்டு படத்துக்கும் நடுவே 15 வருஷம். ஐ.பி.எஸ். பரீட்சை எழுதவே 21 வயசு ஆக வேண்டும்! அந்தக் கணக்கைத் தியேட்டரில் யார் பார்த்தார்கள்? வெட்டும் குத்தும் முதல் படத்தைவிடக் கூடுதல். சத்தமும் கூடுதல். பழைய ருசி மட்டும் இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் ரசிகர்கள் பலரும் வெளியே வந்தார்கள்.

ஆனால் அந்தக் கதை தன்னை அறியாமல் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டது. பிச்சை மீது வழக்குப் போட்டு, சாட்சியை நிறுத்தி, கோர்ட்டில் தண்டனை வாங்கியிருந்தால் மகன் வந்து "அப்பன் எங்கே" என்று கேட்க வழியே இல்லை. சூளையில் எரித்த கணக்குக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத கணக்கை எவன் வேண்டுமானாலும் திரும்பத் திறக்கலாம். கடை வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோவை பார்த்த இரண்டு முடிவு

இது சினிமா கதை. நிஜத்தில் என்ன நடந்தது? கோவைக்காரர்களுக்கு 2010-ம் ஆண்டு மறக்காது.

அந்த அக்டோபர் கடைசியில், பள்ளிக்கூடம் போன அக்காளும் தம்பியும் வேனில் கடத்தப்பட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் வாய்க்காலில் பிணமாகத்தான் கிடைத்தார்கள். நகரமே அழுதது. இரண்டு பேர் பிடிபட்டனர்.

நவம்பர் 9-ந் தேதி விடியற்காலை போத்தனூர்ப் பக்கம் துப்பாக்கி வெடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவன் செத்தான். விசாரணைக்குக் கூட்டிப்போனபோது துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டான், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். கோவையில் பட்டாசு வெடித்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். "சிங்கம்" முதல் பாகம் வந்ததும் அதே வருஷம்தான்.

பட்டாசு வெடித்தவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பெற்ற வயிறு எரிந்த நேரம் அது.

ஆனால் இன்னொருவன் இருந்தானே? அவன் கோர்ட்டுக்குப் போனான். 2012-ல் கோவை கோர்ட்டு தூக்கு தண்டனை விதித்தது. 2014-ல் சென்னை ஐகோர்ட்டு உறுதி செய்தது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. அங்கே மூன்று நீதிபதிகளில் ஒருவர், குற்றவாளி என்பதில் சந்தேகமில்லை, ஆனால் தூக்கு வேண்டாம், ஆயுள் முழுக்க ஜெயிலில் இருக்கட்டும் என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோர்ட்டுக்குப் போனவன் என்ன செய்தான் என்பது சாட்சியோடு, ஆதாரத்தோடு தீர்ப்பில் எழுதிக் கிடக்கிறது. நூறு வருஷம் கழித்து எடுத்தாலும் படிக்கலாம். யாரும் மறுத்துப் பேச முடியாது. போத்தனூரில் செத்தவன் விஷயத்தில் அப்படி ஒரு விசாரணையே நடக்கவில்லை. அவன் வாயிலிருந்து வர வேண்டியதும் அவனோடு போய்விட்டது.

தப்பான ஆள் மாட்டினால்?

"ஏனுங்க, கோர்ட்டுக்குப் போனா எப்பங்க தீர்ப்பு வரும்? வாய்தா மேல வாய்தாதானுங்களே!" என்று டீக்கடையில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. செக் திரும்பி வந்த கேசுக்கே வருஷக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறி இறங்கும் வியாபாரி வேறென்ன கேட்பார்? திரையில் போலீஸ் சுட்டதும் கை தானாகத் தட்டுவது இதனால்தான்.

ஆனால் எதிர்ப்பக்கம் நிற்பவன் பெருமாள் பிச்சை என்று சினிமாவில் டைரக்டர் முன்னாலேயே காட்டிவிடுகிறார். நிஜத்தில் அதை யார் காட்டுவது?

கோவை ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமாரைக் கேட்டால் தெரியும். வாலிப வயதில் ஆந்திராவில், குண்டூரில் வேலைக்குப் போன இடத்தில் போலீசார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்தார்கள். அதை "லாக்கப்" என்று நாவலாக எழுதினார். வெற்றிமாறன் அதை "விசாரணை" என்று படமாக்கினார். தேசிய விருது கிடைத்தது. ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் படமாகவும் போனது. அந்தப் படத்தைப் பார்த்தவர் யாரும் விசில் அடிக்கவில்லை. அடிபட்டவன் நம்ம ஊர்க்காரன், வேலை தேடிப் போனவன் என்று தெரிந்தால் விசில் எங்கிருந்து வரும்?

2020 ஜூனில் சாத்தான்குளம். செல்போன் கடை வைத்திருந்த தகப்பனும் மகனும். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகத்தான் புகார். போலீஸ் நிலையத்தில் விழுந்த அடியில் இரண்டு பேரும் செத்தார்கள். சி.பி.ஐ. விசாரித்துப் போலீசார் மீதே கொலை வழக்குப் போட்டது.

அப்போது ஒருவர் அறிக்கை விட்டார். போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். அவர் யார்? "சாமி"யையும் "சிங்கம்" மூன்றையும் "சாமி ஸ்கொயரை"யும் எடுத்த அதே ஹரி!

சட்டம் சொல்வது என்ன?

சினிமாவில் சுட்டவுடன் மெடல். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு 16 விதி போட்டிருக்கிறது. என்கவுண்ட்டரில் ஆள் செத்தால் எப்.ஐ.ஆர். பதிய வேண்டும். சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் போலீஸ் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டு விசாரணையும் உண்டு. சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் நல்ல போலீஸ்காரருக்குத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். ராத்திரி பகலாகத் தடயம் சேர்த்து, சாட்சியைத் தேடிப் பிடித்து, பிசகில்லாமல் குற்றப்பத்திரிகை எழுதும் எஸ்.ஐ.யும் ஏட்டும் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்குப் பாட்டும் கிடையாது, பைட்டும் கிடையாது. கோவைக் குழந்தைகள் வழக்கில் கடைசிவரை நின்றது அந்த வேலைதான்.

இன்னொன்று. அந்தக் கொடுமை நடந்தது 2010 அக்டோபரில். கோவை கோர்ட்டு தீர்ப்பு 2012-ல். சுமார் இரண்டு வருஷம்! மனசு வைத்தால் முடியும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி. அந்த வேகம் எல்லா வழக்குக்கும் வேண்டும் என்று கேட்பதுதான் நியாயமான கோஷம். நீதிபதி காலியிடத்தை நிரப்பு, சாட்சிக்குப் பாதுகாப்பு கொடு, வாய்தாவைக் குறை என்று கேட்க வேண்டும். "போட்டுத் தள்ளு" என்று கேட்டால் அதைக் கொடுக்க ஆள் வருவான். அடுத்த முறை யாரைப் போடுவது என்று அவன் நம்மிடம் கேட்க மாட்டான்.

மூன்றாம் பாகம் வந்தாலும் வரட்டும். டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம், விசிலும் அடிக்கலாம். தியேட்டர் விளக்கு எரிந்ததும் விசிலை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். வெளியே நடமாடுகிறவர்களின் நெற்றியில் இவன் ஹீரோ, இவன் வில்லன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.