விழிப்புணர்வு என்னும் சாக்கு

பிளாஸ்டிக்கோ, தண்ணீரோ, மின்சாரமோ, எது வீணானாலும் நம்மிடம் இருக்கும் வைத்தியம் ஒன்றுதான்: விழிப்புணர்வு. பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் ஊர்வலம் விடுவார்கள். உறுதிமொழி வாசிக்க வைப்பார்கள். மேடைக்குப் பின்னால் பிளெக்ஸ் பேனர் கட்டுவார்கள் (அதுவும் பிளாஸ்டிக்தான், போகட்டும்). மறுநாள் நாளிதழில் படம் வந்துவிடும். மக்களுக்கு விஷயம் தெரியவில்லை, தெரிந்தால் தானாக மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் அஸ்திவாரம். அது ஓட்டை அஸ்திவாரம் என்று காட்டிய ஆய்வுகள் ஏராளம். அவற்றில் பலவற்றைச் செய்தவர்கள், சோப்பும் பற்பசையும் விற்கும் வித்தையைப் பாடமாக நடத்துகிற சந்தையியல் பேராசிரியர்கள் என்பதுதான் வேடிக்கை.

கனடாவின் கேத்ரின் வைட் அவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார். அதே நாட்டின் கால்கரி நகராட்சிக்கு ஒரு தொல்லை இருந்தது. வீட்டு முன் புல்தரையை வெட்டும் மக்கள், வெட்டிய புல்லை மூட்டை கட்டிக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படியே விட்டால் மக்கி உரமாகும், மண்ணுக்கு நல்லது என்று நகராட்சி பிரச்சாரம் செய்தது. பெரிதாக யாரும் அசையவில்லை. வைட்டின் குழு வீட்டுக் கதவுகளில் சிறு அட்டைகளைத் தொங்கவிட்டது. உங்கள் அக்கம்பக்கத்தார் புல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள், நீங்களும் செய்யலாம் என்பதுதான் அதிலிருந்த சேதி. இரண்டே வாரத்தில், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வீடுகளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு புல் அப்படியே விடப்பட்டது. புல்லைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ அந்த அட்டை புதிதாக எதையும் சொல்லவில்லை.

ஊரைப் பார்த்துத்தான் நடக்கிறோம் என்றால் நமக்குக் கோபம் வரும். கலிபோர்னியாவில் மின்சாரத்தை ஏன் சேமிக்கிறீர்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டபோது, சுற்றுச்சூழலுக்காக என்பதை மக்கள் மேலே வைத்தார்கள். அக்கம்பக்கத்தாரைப் பார்த்துத்தான் என்பதைக் கடைசியில் வைத்தார்கள். ஆனால் அவர்கள் எவ்வளவு சேமித்தார்கள் என்பதோடு மற்றவற்றைவிட நெருக்கமாக ஒத்துப்போனது அந்தக் கடைசிக் காரணம்தான். 2008இல் வெளிவந்த ஆய்வு இது. மக்களிடமே கருத்துக் கேட்டுத் திட்டம் தீட்டினால் திரும்பத் திரும்ப விழிப்புணர்வு முகாமிலேயே போய் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பார்கள். உண்டு. அரிசோனாவில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்றொரு தேசியப் பூங்கா. கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் திருடிக்கொண்டு போவார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் குழுவினரும் அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையில் போட்டு, அறிவிப்புப் பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகை இருந்த இடத்தில், நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான துண்டுகளே காணாமல் போயின. முன்பு வந்தவர்கள் பலர் எடுத்துப்போய் இந்த இடமே கெட்டுவிட்டது என்று அங்கலாய்த்த பலகை இருந்த இடத்தில் ஏறத்தாழ எட்டு! ஊரே எடுக்கிறது என்று பலகையே சாட்சி சொன்னால் நாமும் ஒன்றை எடுத்தால் என்ன? ‘நம்ம ஜனங்க திருந்தவே மாட்டாங்க’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் விழிப்புணர்வு மீதான நம்பிக்கை சாகாததற்குக் காரணம், அது யாருடைய பணப்பையிலும் கை வைக்காததுதான். 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. குப்பையைக் கண்டு ஒரு பழங்குடி மனிதர் கண்ணீர் விடுவார். நடித்தவர் இத்தாலிய வம்சாவளிக்காரர். தயாரித்த அமைப்பின் பின்னால் குளிர்பான, பாட்டில், டப்பா கம்பெனிகள். குப்பைக்குக் காரணம் மக்கள், மாற வேண்டியதும் மக்கள் என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஓரிகன் மாநிலம், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு என்று சட்டம் இயற்றியது. இந்த மாதிரிச் சட்டங்களைக் கம்பெனிகள் மும்முரமாக எதிர்த்தன. கண்ணீர் விளம்பரத்துக்கு மட்டும் துணை நின்றன.

காலி பாட்டிலுக்குக் காசு என்ற ஏற்பாடு நம் ஊரிலும் வந்தது. நீலகிரியில் காட்டுக்குள் வீசப்பட்ட மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்தன. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022இல் டாஸ்மாக் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்தால் திருப்பித் தர ஆரம்பித்தது. பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. குடிமகன்களுக்கு யாரும் யானையைப் பற்றி வகுப்பெடுக்கவில்லை. கடை ஊழியர்களின் தலையில் வேலை கூடியது என்ற முணுமுணுப்பு நியாயமானது; அதற்குத் தேவை கூடுதல் ஆள்.

இப்படி அட்டையும் பத்து ரூபாயும் காட்டி மக்களை ஆட்டுவிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குளிர்பானம் விற்க இதே வித்தை காலையிலிருந்து இரவு வரை நம்மீது பிரயோகிக்கப்படும்போது இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது?

கடைசியாக, இந்த வித்தையைக் கற்றுத்தரும் நம் எம்பிஏ வகுப்பறைகள். பருவம் முழுக்க அதிகமாக விற்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசி அலகில் ‘பசுமைச் சந்தைப்படுத்தல்’ என்று இரண்டு வகுப்பு எடுப்பதும் ஒரு விழிப்புணர்வு முகாம்தான். விடுதி மெஸ்ஸில் தினமும் கொட்டப்படும் சோற்றை மாணவர்களே நிறுத்துப் பார்க்கட்டும். தட்டின் அளவை மாற்றலாம், பரிமாறும் முறையை மாற்றலாம், நேற்று எத்தனை பேர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள் என்று வாசலில் எழுதிப்போடலாம். பருவ முடிவில் மறுபடி நிறுத்து, எத்தனை கிலோ குறைந்தது, குறையாவிட்டால் ஏன் என்று எழுதுவதற்கு மதிப்பெண் போடட்டும். பசுமைச் சந்தைப்படுத்தலின் வரையறையை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதச் சொல்வதை நிறுத்தட்டும்.