பூனைக்கு மணி கட்ட வேண்டாம், வழி விட்டால் போதும்!



நம் சுவர் இதழில் எல்லோரும் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம், பாலாற்றைக் காப்போம் என்று பெரிய விஷயங்களாக எழுதுகிறார்கள். நான் ஒரு பூனையைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. நாட்டு நாய்தான், ஆறு மாதக் குட்டி. தினமும் காலை ஆறு மணிக்கு, ஷூ கம்பெனி வேன் எல்லாம் வருவதற்கு முன்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதை நடக்கக் கூட்டிப் போவது என் வேலை. ஆம்பூரில் நாயை வாக்கிங் கூட்டிப் போனால் சும்மா விடுவார்களா? டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்கள், "இன்னாடா, நாயை நீ இட்டுக்கினு போறியா, இல்ல நாய் உன்னை இட்டுக்கினு போவுதா?" என்று தினமும் கேட்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது அந்தப் பூனைதான்.

எங்கள் தெருவின் ஒரு முனையில் ஒரு கம்பெனியின் காம்பவுண்டு சுவர். இன்னொரு முனையில் கறிக்கடை. நடுவில் குடோன்கள். எலிக்கும் பஞ்சமில்லை, எலும்புக்கும் பஞ்சமில்லை. அதனால் பூனைகளுக்கும் பஞ்சமில்லை. அதில் ஒன்று கருப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று நிறம் கொண்டது. காம்பவுண்டு சுவர் ஓரம் அடுக்கியிருந்த பழைய மரப்பெட்டிகள் பக்கம் நாங்கள் போனாலே போதும், உடம்பை வில் மாதிரி வளைத்து, வாலைப் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி விரித்துக்கொண்டு, "உர்ர்ர்" என்று குறுக்கே வந்து நிற்கும். நாயைப் பார்த்தால் பூனை ஓடும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இங்கே மணிதான் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

முதல் நாள் கல்லை எடுத்து வீசினேன். இரண்டாம் நாள் குச்சி எடுத்துப் போனேன். பூனையின் கோபம் குறையவில்லை, கூடிப்போனது. ஒரு திங்கட்கிழமை அது நேராக மணி மேல் பாய்ந்தது. பயத்தில் நான் குனிந்து மணியைத் தூக்கினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. நாயை நோக்கிப் பாய்ந்த பூனை என் கையில் ஏறிவிட்டது. முழங்கைக்குக் கீழே மூன்று கோடு. லேசாக ரத்தம்.

இனிமேல்தான் விஷயமே.

நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மணியைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம். ஊசி போடுவார்கள் என்று இன்னொரு பயம். எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும், "நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசிடா." அதனால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மஞ்சள் தூள் வைத்து மறைத்துவிட்டேன். இரண்டு நாள் அப்படியே ஓடியது. புதன்கிழமை அறிவியல் வகுப்பில் சட்டைக் கையை மடித்தபோது மிஸ் பார்த்துவிட்டார். "என்ன இது?" என்றார். "பூனை மிஸ். நாய் இல்ல, வெறும் பூனைதான்" என்றேன். மிஸ் திட்டவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து வரச் சொன்னார். எங்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

"வெறும் பூனைதான்" என்று நான் சொன்னேன் பாருங்கள், அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். ரேபிஸ் நாய்க்கு மட்டும் வரும் நோய் இல்லை. பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனிதனுக்கும் வரும். வியாதி முற்றி அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் உடனே கழுவி, உடனே ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் 36 சதவீதம் பேர் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் தெரியவரும் ரேபிஸ் நோயாளிகளில் 30 முதல் 60 சதவீதம் வரை 15 வயதுக்கு உட்பட்டவர்களாம். காரணம் என்ன தெரியுமா? பிள்ளைகளுக்குக் கடிபட்டது பெரியவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அதாவது என்னைப் போல முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறவர்கள். 2025-ல் தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், டிவியில் எல்லோரும் மாறி மாறிப் பேசினார்கள். பூனைக் கீறலைப் பற்றி நம்மிடம் யார் பேசினார்கள்?

சரி, ஊசி கதைக்கு வருகிறேன். தொப்புள் ஊசி எல்லாம் அந்தக் காலம். ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை நம் நாட்டில் நிறுத்தி இருபது வருடம் ஆகிறது. இப்போது கையில்தான், தோலுக்குள் சின்ன ஊசி. முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும். அரசு மருத்துவமனையில் இலவசம். எனக்கு ரத்தம் வந்திருந்ததால் கீறலைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட்டார்கள். அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். மற்றது எறும்பு கடித்த மாதிரிதான். தோல் ஊர்க்காரனுக்குத் தோலிலேயே ஊசி என்று அப்பா கிண்டல் செய்தார்.

பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று முதன்முதலில் இந்த ஊசியைப் போட்டது ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு. நாய் கடித்த பையனை அவன் அம்மா தூரத்து ஊரிலிருந்து பாஸ்டரிடம் கூட்டி வந்தார். அவன் பிழைத்தான். அவன் மறைத்திருந்தால்? பாஸ்டர் பெயரில் நம் நீலகிரி குன்னூரிலும் 1907-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இத்தனை பெரிய வசதி பக்கத்திலேயே இருக்க, மஞ்சள் தூளை நம்பிய என்னை என்ன சொல்வது!

மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தால் தெருவே கூடி நிற்கிறது. "அந்தப் பூனையை ஒரு கோணியில போட்டு பாலாத்துல வுட்டுட்டு வந்துடலாம். இல்லன்னா நாலு போடு போட்டா சரியாயிடும்" என்று ஒரு ஆட்டோக்கார அண்ணன் சொல்கிறார். கோணியே எடுத்து வந்துவிட்டார்கள். அப்போது எதிர் வீட்டு பாயம்மா வெளியே வந்து, "பேட்டா, அது குட்டி போட்டிருக்குது. பெட்டி பின்னால மூணு இருக்குது. அதான் அப்படி சீறுது. கண்ணே இப்பதான் தொறந்துச்சு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மைதான். மூன்று குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருந்தன.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரு வாரமாக நான் கல் வீசியது ஒரு தாயின் மேல். நாயைக் கூட்டிக்கொண்டு தினமும் அதன் வீட்டு வாசல் வழியாகப் போய்விட்டு, பூனை சண்டைக்கு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்! மறுநாள் மிஸ்ஸிடம் சொன்னபோது, "மூணு கலர் பூனைன்னா அநேகமா பொட்டைதான்டா" என்றார். கருப்பா மஞ்சளா என்று முடிவு செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம். இரண்டு நிறமும் சேர்ந்து வர வேண்டும் என்றால் இரண்டு எக்ஸ் வேண்டும், அதாவது பெண்ணாக இருக்க வேண்டும். இது தெரிந்திருந்தால் முதல் நாளே யோசித்திருப்பேன்.

ஆனால் அன்றைக்குப் பூனையைக் காப்பாற்றியது பாசம் மட்டும் இல்லை. எங்கள் அம்மா சொன்ன ஒரு வார்த்தை. "டாக்டர் பூனையைப் பத்து நாள் கவனிக்கச் சொல்லியிருக்காரு. அதைக் கொன்னுட்டா அதுக்கு நோய் இருந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? எம்புள்ளைக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டார். எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். கடித்த நாயோ பூனையோ பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது. ஊசியையும் ஆரம்பிக்க வேண்டும், பூனையையும் கவனிக்க வேண்டும். அடித்துக் கொல்வது பாவம் மட்டும் இல்லை, முட்டாள்தனமும் கூட. சட்டப்படி குற்றமும்தான். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்தே இருக்கிறது.

என் கருத்து இதுதான். பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்கிறோம். உண்மையில் நாம்தான் பூனைக்குக் குறுக்கே போகிறோம். கயிறு நம் கையில் இருக்கிறது, புத்தியும் நம்மிடம் இருக்கிறது. அதனால் ஒதுங்கிப் போக வேண்டியது நாம்தான்.

"மனுசனுக்கே நடக்க வழி இல்ல, இதுல பூனைக்கு வழி விடணுமா?" என்று என் நண்பன் கேட்டான். கேள்வி நியாயம்தான். எங்கள் தெருவில் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், ஆயாக்கள் இருக்கிறார்கள். ஆனால் பூனை வருடம் பூராவும் சீறுவதில்லை. குட்டிகள் பால் மறக்க எட்டு வாரம் ஆகும். அந்த எட்டு வாரம்தான் நாங்கள் விட்டுக்கொடுத்தோம். மரப்பெட்டி பக்கம் ஒரு கயிறு கட்டி, சிலேட்டில் "குட்டி இருக்கிறது, தள்ளிப் போகவும்" என்று எழுதித் தொங்கவிட்டோம். நான் மணியைப் பின் தெரு வழியாகக் கூட்டிப் போனேன். செலவு ஒரு பைசா இல்லை. சும்மா பூனையைப் பிடித்து வேறு இடத்தில் விட்டிருந்தால் மூன்று குட்டியும் பட்டினியில் செத்திருக்கும். எலியும் எலும்பும் இருக்கிற தெருவுக்கு இன்னொரு பூனை வர எத்தனை நாள் ஆகும்?

நாய் வளர்க்கும் நண்பர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

1. சீறும் பூனையைக் கண்டால் ஓடாதீர்கள், முறைத்தும் பார்க்காதீர்கள். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து மெதுவாகப் பின்வாங்குங்கள்.

2. நாயைத் தூக்காதீர்கள். குடையோ புத்தகப் பையோ இருந்தால் நடுவில் பிடியுங்கள். அடிப்பதற்கு இல்லை, மறைப்பதற்கு.

3. கல், குச்சி கூடவே கூடாது. நாளைக்கு அது உங்களைப் பார்த்தாலே பாயும்.

4. ஒரே இடத்தில் தினமும் சீறினால் அங்கே குட்டி இருக்கிறதா என்று பெரியவர்களைத் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வழியை மாற்றுங்கள்.

5. காரணமே இல்லாமல் எல்லோரையும் கடிக்க வந்தால், வாயில் எச்சில் ஒழுகினால், தள்ளாடி நடந்தால் அது வேறு விஷயம். கிட்டே போகாமல் உடனே நகராட்சிக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ பெரியவர்கள் மூலம் சொல்லுங்கள்.

6. கீறினாலும் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை. அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள்.

7. உங்கள் நாய்க்கும் பூனைக்கும் வருடா வருடம் ரேபிஸ் ஊசி போடுங்கள். மணிக்கும் மூக்கில் கீறல் இருந்ததால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மறுபடி போட்டோம்.

பத்தாம் நாள் பூனை நன்றாகவே இருந்தது. ஆனாலும் நான் நான்கு ஊசியையும் முடித்தேன். குட்டிகளில் இரண்டை இரண்டு வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று என்ன ஆனது என்று தெரியவில்லை. இப்போது அந்தப் பூனை சுவர் மேல் உட்கார்ந்து மணியைப் பார்க்கும். மணி என்னைப் பார்க்கும். சண்டை இல்லை. ஆனால் அடுத்த முறை குட்டி போடுவதற்குள் அதற்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று பேசினோம். இன்னும் செய்யவில்லை. அது எங்கள் தெருவின் குறை. நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவருக்கு அபூ ஹுரைரா என்று பெயராம். பூனைக்குட்டியின் தந்தை என்று அர்த்தமாம். பாயம்மா சொன்னார். வைணவத்தில் இறைவன் பக்தனைக் காப்பதைத் தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதற்கு ஒப்பிடுவார்கள் என்று தமிழ் ஐயா சொன்னார். பெரியவர்கள் எல்லாம் பூனையைப் பார்த்துப் பாடம் எடுத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்த்து முதலில் கல்தான் எடுத்தேன்.

கடைசியாக ஒன்று. இந்த வகுப்பறைகளில் யாராவது இப்போது முழுக்கைச் சட்டைக்குள் ஒரு கீறலை மறைத்துக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே மிஸ்ஸிடமோ சாரிடமோ சொல்லிவிடு. திட்டு விழுந்தாலும் விழட்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்
(மணியின் நண்பன்)