கிரேஸி மோகனும் நம்ம ஸ்கிட் மேடையும்

கிரேஸி மோகன் பற்றி நம்ம பசங்க அடிக்கடி ஃபார்வர்ட் பண்ற கதை ஒண்ணு இருக்கு. மெக்கானிக்கல் படிச்சார், பிடிக்கல, வேலையைத் தூக்கிப் போட்டார், சினிமாவில் ஜெயிச்சார். ஃபைனல் இயரில் ரெண்டு அரியரோட உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கேட்க ரொம்ப இனிமையா இருக்கும். ஆனா வருஷங்களை வரிசையா வெச்சுப் பார்த்தா கதை வேற.

1952-ல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல். 1972-ல், மாணவரா இருக்கும்போதே, கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி' என்று ஒரு சின்ன நாடகம் எழுதிப் பரிசு வாங்கினார். 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. பேருக்கு முன்னாடி இருக்கிற 'கிரேஸி' அங்கிருந்து ஒட்டிக்கிட்டதுதான். 1979-ல் சொந்தக் குழு, கிரேஸி கிரியேஷன்ஸ். 1983-ல் அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை கே.பாலசந்தர் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். 'அபூர்வ சகோதரர்கள்' வந்தது 1989-ல்.

கல்லூரி மேடையிலிருந்து அந்தப் படம் வரைக்கும் 17 வருஷம். நடுவில் சுந்தரம் கிளேட்டனில் வேலையும் பார்த்தார். ஒரே நாளில் தூக்கிப் போட்டதா எனக்குத் தெரியல. ஆபீஸ் ஒரு பக்கம் ஓட, எழுத்து இன்னொரு பக்கம் ஓடியிருக்கு. சபா நாடகமே பெரும்பாலும் அப்படித்தான்: பகலில் பேங்க், கம்பெனின்னு போறவங்க சாயந்திரம் மேக்கப் போட்டு ஏறின மேடை அது.

அந்த மேடைதான் அவருக்கு லேப்னு நினைக்கிறேன். நாம யூ.டி.எம்.-ல் ஒரு கம்பியை மாட்டி, உடையுற வரைக்கும் இழுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. எழுதின ஜோக் நிக்குதா உடையுதான்னு அன்னிக்கே தெரிஞ்சிடும். எதிரே முன்னூறு பேர் உட்கார்ந்துகிட்டு சிரிக்கலைன்னா, எந்த எக்ஸ்பிளநேஷனும் எடுபடாது. அடுத்த ஷோவுக்குள்ள வரியை மாத்தணும், இல்லைன்னா தூக்கணும்.

அவர் வசனம் எழுதின படங்களைப் பார்த்தா, கதை பல நேரம் வெளியிலிருந்து வந்தது. 'அவ்வை சண்முகி'க்கு மூலம் 'மிஸஸ் டவுட்ஃபயர்'. 'வசூல்ராஜா' ஹிந்தி 'முன்னாபாய்' ரீமேக். அதனால கிரெடிட் குறையுதுன்னு ஒரு சீனியர் என்கிட்ட சண்டை போட்டிருக்கார். நான் ஒத்துக்கல. பிராமண வீட்டுக்குள் ஊமை சமையல்காரரா வேஷம் போட்டு நுழையுற பாஷா பாய் ஹாலிவுட்டில் எங்கே இருக்கார்? மாமி வேஷத்தை நம்பி ஜெமினி கணேசனும் மணிவண்ணனும் போட்டி போடுறது எந்த ஊர் கலாட்டா? வெளியிலிருந்து வந்தது எலும்புக்கூடுதான். பேச்சு முழுக்க இந்த ஊர்ப் பேச்சு.

அந்தப் பேச்சின் மெக்கானிசம் சிம்பிளா தெரியும், செய்யுறது கஷ்டம். ஒருத்தர் ஒரு வார்த்தையை ஒரு அர்த்தத்தில் சொல்வார். கேட்கிறவர் வேற அர்த்தத்தில் பிடிப்பார். சாதாரண எழுத்தாளர் அங்கே ஒரு சிரிப்போட விட்டுடுவார். இவர் விடமாட்டார். அந்தத் தப்பான அர்த்தத்தை வெச்சே அடுத்த கேள்வி, அதுக்கு ஒரு பதில், அந்தப் பதிலை மூணாவது ஆள் வேற மாதிரி புரிஞ்சுக்கிறது... நாம முதல் ஜோக்குக்கே சிரிச்சு முடிக்கலை, அவர் நாலாவதில் இருப்பார். அதனாலதான் 'மைக்கேல் மதன காமராஜன்' பார்க்கிறப்போ ஒவ்வொரு தடவையும் ஒரு புது வரி காதில் விழுது.

எல்.கே.ஜி.யிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். எனக்குத் தமிழ்ங்கிறது மார்க்குக்காகப் படிச்ச பாடம். சிலேடைன்னா ரெண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். அது உயிரோட நடமாடுற சாமான்னு எனக்குக் காட்டினது இந்தப் படங்கள்தான். 'அலாவுதீனும் 100 வாட்ஸ் பல்பும்'னு ஒரு நாடகத்துக்குப் பேர் வெச்ச அதே மனுஷன் வெண்பாவும் எழுதினார். இங்கிலீஷ் கலந்தா தமிழ் கெட்டுப்போகும்னு சொல்றவங்க இதை எந்தக் கணக்கில் வைப்பாங்கன்னு தெரியல.

குறை இல்லையா? இருக்கு. மனைவியைக் கண்டு பயப்படுற புருஷன் ஜோக் இன்னிக்கு அலுப்பா இருக்கு. 'பஞ்சதந்திரம்' பார்க்கும்போது எங்க கிளாஸ் பொண்ணுங்க சில இடங்களில் சிரிக்கிறதில்லை, அதில் நியாயமும் இருக்கு. தன் டீச்சர் ஞாபகமா படத்துக்குப் படம் ஹீரோயினுக்கு ஜானகின்னு பேர் வெச்சார். அந்தப் பேருக்குக் கொடுத்த மரியாதையைச் சில ஜானகிகளோட வசனத்துக்கும் கொடுத்திருக்கலாம்.

இதையெல்லாம் இப்போ எழுத ஒரு காரணம் உண்டு. இந்த வருஷ கல்ச்சுரல்ஸில் தமிழ் ஸ்கிட்டை எடுத்துட்டு ரீல்ஸ் போட்டி வைக்கலாம்னு கமிட்டியில் பேச்சு. ஸ்கிட்டுக்குக் கூட்டம் வரலையாம். வராதுதான், போன வருஷம் மேடையேறினதில் பாதி, யூடியூபில் இருக்கிற சினிமா காமெடியை அப்படியே ஒப்பிச்சது. வடிவேலுவே ஃபோனில் இருக்கும்போது டூப்பைப் பார்க்க ஆடிட்டோரியம் வரைக்கும் யார் நடப்பாங்க?

அதுக்காக போட்டியையே தூக்க வேண்டாம். சொந்த ஸ்கிரிப்ட் மட்டும்னு விதி போடுங்க. பன்னிரண்டு நிமிஷம் போதும். ஒரு வாரம் முன்னாடி ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு ட்ரையல் ஷோ. மெஸ் சாம்பாரையே சகிச்சுக்கிறவங்க கொஞ்சம் ஜோக்கையும் சகிச்சுக்குவாங்க, சகிக்கலைன்னா முகத்துக்கு நேரா சொல்லுவாங்க. ரீல்ஸில் அது நடக்காது. அங்கே பிடிக்காதவன் சத்தமில்லாம மேலே தள்ளிட்டுப் போயிடுவான், எந்த வரியில் போனான்னு எழுதினவனுக்குத் தெரியவே தெரியாது. ரீல்ஸும் இருக்கட்டும், தனியா வைங்க.

எனக்கு ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, ஜூலையில் ஜாயினிங். அடுத்த வருஷம் அந்த மேடையில் நான் இருக்க மாட்டேன். ஆனா எங்க டிபார்ட்மென்டிலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் வசனம் எழுதுற செகண்ட் இயர் பசங்க மூணு பேரைத் தெரியும். ஒருத்திக்கு என்னைவிட நல்லாவே வருது. அவங்க எழுதினது ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க இந்தக் காம்பஸில் இருக்கிறது அந்த ஒரு பன்னிரண்டு நிமிஷம்தான்.

கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுது. கையெழுத்து ஷீட் சிவில் பிளாக் கேன்டீன் கவுண்டரில் இருக்கு. பேனா நீங்களே கொண்டு வாங்க, அங்கே வெச்ச ரெண்டையும் காணோம்.