மத்தியானப் பந்தி மீதியை ராத்திரி கொடுப்பது தானம் இல்லை

1/ முகூர்த்த நாளில் நைட் டியூட்டி என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த பெரியவரை 108-ல கொண்டு வந்தாங்க. வாந்தி, பேதி, பல்ஸ் கைக்கே சிக்கல. "என்னய்யா சாப்பிட்டீங்க?"னு கேட்டேன். "யாரோ மகராசன் கல்யாணச் சோறு குடுத்தான் சாமி."

2/ காலையில முகூர்த்தம். சோறு அவர் கைக்கு வந்தது ராத்திரி 9 மணிக்கு. கொடுத்தவர் கெட்டவர் இல்லை. கொட்ட மனசு வரல, கொடுத்துட்டார். நம்மில் பலரும் அப்படித்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

3/ வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. "அப்போ பழைய சோறு?" என்பீர்கள். அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது. அதில் உண்டாகும் அமிலம் பல கிருமிகளை அடக்கும். சாம்பார் கலந்து அண்டாவில் மூடி வைத்த சோறு அப்படி இல்லை.

4/ "பசிக்கிறவன் இதெல்லாம் பார்ப்பானா?" பார்க்க மாட்டார். அதனால்தான் கொடுக்கிறவர் பார்க்கணும். நமக்குப் பேதி என்றால் வீட்டில் கக்கூஸ் இருக்கு, ஓஆர்எஸ் கலக்க ஆள் இருக்கு. நம்ம அருப்புக்கோட்டை வெயிலில், ரோட்டோரம், ஏற்கெனவே ஒட்டிப்போன உடம்புக்கு என்ன இருக்கு?

5/ முடியாத காரியமா? இல்லை. கோவையில் 2014-ல் பத்மநாபன் கோபாலனும் நண்பர்களும் 'நோ ஃபுட் வேஸ்ட்' தொடங்கினார்கள். மண்டபத்தில் மீந்ததும் கூப்பிட்டால் தன்னார்வலர்கள் வந்து, சாப்பாடு நல்லா இருக்கான்னு பார்த்து, வாங்கிப் போய்ப் பசித்தவர்களிடம் சேர்ப்பார்கள். மீந்த உணவை எப்படிக் கையாளணும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2019-ல் விதிமுறை போட்டிருக்கு.

6/ சோறு மட்டும் போதுமா? போதாது. மனநோயோடு, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் அலைகிறவரைப் பாதுகாத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வருவது போலீஸின் கடமை. 2017 மனநலச் சட்டம் சொல்லுது. பொட்டலம் கொடுத்து செல்ஃபி எடுத்துட்டுப் போகாதீங்க. ஸ்டேஷனுக்கும் ஒரு போன் போடுங்க.

7/ நம்ம திருச்சுழியில் 1879-ல் பிறந்த ஒரு பையன், 1896-ல் திருவண்ணாமலைக் கோயில் பாதாள லிங்கத்தில் பேசாமல் கிடந்தான். பூச்சி கடித்து உடம்பெல்லாம் புண். யாரோ தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், யாரோ வாயில் ஊட்டினார்கள். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. ஊட்டியவர்களுக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. முன்னால் கிடந்தது ஒரு மனுஷன், அவ்வளவுதான் தெரியும்.

8/ கேட்பது மூன்றே விஷயம்:
▪️ கடைசிப் பந்தி உட்காரும்போதே மீதியை எடுத்து வையுங்க. சுடச்சுட 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேரணும்.
▪️ சமைத்த நேரத்தைப் பாத்திரத்தில் எழுதி ஒட்டுங்க.
▪️ உங்கள் பிள்ளைக்கு ஊட்டத் தயங்கும் சோற்றை யாருக்கும் கொடுக்காதீங்க. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட வேண்டாம்; குழியில் போட்டால் உரமாகும்.

9/ அந்தப் பெரியவர் பிழைச்சுட்டார். மூணு நாள் டிரிப்ஸ். போகும்போதுகூட அந்த மகராசன் நல்லா இருக்கணும்னுதான் சொன்னார்.

அந்த வாழ்த்துக்கு நாம தகுதியா இருக்கணும். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்புங்க.