ஆப்பிரிக்கருக்கு யோக்கியதை இல்லையா?

ஆப்பிரிக்காவில் எங்காவது ஒரு பட்டாளத்தான் ஆட்சியைப் பிடித்துக்கொண்டான் என்ற சேதி வந்தவுடனே, "ஜனநாயகத்துக்கு இவர்களுக்கு யோக்கியதை இல்லை" என்று சொல்லும் பெரிய மனிதர்கள் பலர் இருக்கின்றார்கள். அடக்கி வைத்தவன் அடக்கப்பட்டவனைப் பார்த்து யோக்கியதை பேசுவது உலகத்தில் புதிதல்ல. அந்த யோக்கியதை வரவொட்டாமல் தடுத்தது யார் என்பதை மாத்திரம் இவர்கள் சொல்லுவதே இல்லை. காங்கோவின் சங்கதியை எடுத்துக்கொள்ளுவோம்.

1885 முதல் 1908 வரை அத்தேசம் பெல்ஜியம் அரசர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாயிருந்தது. ரப்பருக்காக ஜனங்களின் கைகள் வெட்டப்பட்ட ஆட்சி அது. பிறகு 52 வருஷம் பெல்ஜியம் சர்க்கார் ஆண்டது. பாதிரிமார்களின் ஆரம்பப் பள்ளிகள் தாராளமாய் இருந்தன. ஆனால் 1960-ல் சுதந்திரம் வந்தபோது, ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களில் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவர்கள் முப்பது பேருக்கு மேல் இல்லை. பட்டாளத்தில் ஒரு ஆப்பிரிக்கராவது அதிகாரியாக இல்லை. ஜெபம் செய்யவும் சுமை தூக்கவும் எவ்வளவு படிப்பு வேண்டுமோ அவ்வளவே போதும் என்பது ஆண்டவர்களின் கணக்குப் போலும்!

இப்படி வைத்திருந்தவர்கள், 1960 ஜனவரியில் பிரஸ்ஸல்சில் வட்டமேஜை கூட்டி, ஜூன் 30-ந் தேதி போய்விடுகிறோம் என்றார்கள். மே மாதத்தில் தங்கள் பார்லிமெண்டிலேயே காங்கோவுக்கு ஓர் அடிப்படைச் சட்டமும் செய்தார்கள். அது பெரும்பாலும் பெல்ஜியத்தின் 1831-ம் வருஷத்து அரசியல் சட்டத்தின் நகல். மந்திரிகளை நியமிப்பதும் நீக்குவதும் அரசர் என்று அதில் எழுதியிருக்கும். ஆனால் அரசர் தம் இஷ்டப்படி மந்திரியைத் துரத்தமாட்டார் என்பது பெல்ஜியத்தில் வெகுகாலமாய் நடந்து நடந்து ஏற்பட்ட வழக்கம். எழுத்து கப்பலேறி வந்தது, வழக்கம் வரவில்லை.

காங்கோவில் அரசரின் இடத்தில் உட்கார்ந்த கசாவுபு ஒரு கட்சித் தலைவர். முதல் மந்திரி லுமும்பா இன்னொரு கட்சித் தலைவர். செப்டம்பர் 5-ந் தேதி கசாவுபு சட்டத்தைக் காட்டி லுமும்பாவை நீக்கினார். லுமும்பாவோ கசாவுபுவை நீக்கினேன் என்றார். லுமும்பாவை நீக்கியதைப் பார்லிமெண்டின் இரு சபைகளும் ஒப்பவில்லை. அதற்கு யார் மதிப்புக் கொடுத்தார்கள்? ஒன்பது நாளில் மொபுட்டு என்ற கர்னல் இருவரையும் ஒதுக்கிவிட்டார். 1961 ஜனவரி 17-ல் லுமும்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அதில் தனக்குள்ள பொறுப்புக்காக பெல்ஜியம் சர்க்கார் 2002-ல் மன்னிப்புக் கேட்டது. 1965-ல் முழு ஆட்சியையும் பிடித்த மொபுட்டுவை வெகுகாலம் தாங்கி நின்றவர்களும் ஜனநாயகம் போதித்த அதே வெள்ளைக்கார தேசத்தார்தான்.

கல்லை நட்டு மந்திரம் ஓதினால் உயிர் வந்துவிடும் என்கிற புரோகிதனுக்கும், சட்டப் புஸ்தகத்தை இறக்கிவிட்டால் குடியாட்சி வந்துவிடும் என்கிற இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். உயிர் வராவிட்டால் புரோகிதன் பக்தனின் பாவம் என்பான். இவர்கள் ஆப்பிரிக்கரின் பிறவிக் குணம் என்கிறார்கள்.

நிற்க. "பழைய தலைவர் ஆட்சிக்கே திரும்பட்டும்" என்று உபதேசிப்பவர்களையும் நாம் நம்பத் தயாரில்லை. மொபுட்டுவும் இதையேதான் சொன்னார். 1971-ல் தேசத்துக்கு ஜைர் என்று பேரிட்டு, கழுத்துப்பட்டையையும் கிறிஸ்தவப் பேரையும் தடுத்து, மூதாதையர் வழக்கப்படி தலைவன் ஒருவனே என்றார். பழமை என்பது கொள்ளைக்காரனுக்கு நல்ல போர்வை அல்லவா?

1966-ல் சுதந்திரமடைந்த போட்ஸ்வானாவைப் பாருங்கள். அங்கும் பட்டதாரிகள் மிகச் சொற்பமே. சட்டமும் பிரிட்டிஷ் மாதிரியைத் தழுவியதே. ஆனால் கோட்லா என்னும் ஊர்க்கூட்டத்தை அவர்கள் கைவிடவில்லை. மந்திரியும் அங்கே போய் குடியானவனின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. (முன்காலத்தில் அக்கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை, அதை அப்படியே காப்பாற்றியிருந்தால் நாம் இங்கு அதன் பேரையே எடுத்திருக்கமாட்டோம்.) அதே சமயம், 1967-ல் பூமிக்கடியிலுள்ள செல்வம் கூட்டத் தலைவர்களுக்கல்ல, சர்க்காருக்கென்று சட்டம் செய்தார்கள். 1968-ல் நிலம் பங்கிடும் அதிகாரத்தையும் தலைவர்களிடமிருந்து எடுத்து நிலச் சபைகளுக்குக் கொடுத்தார்கள். "அங்கே வைரம் இருந்தது" என்பார்கள். காங்கோவில் வைரம் இல்லையா? செம்பு இல்லையா?

அங்கும் அநியாயம் இல்லாமலில்லை. காலஹாரியின் சான் மக்களை அந்த சர்க்காரே அவர்கள் நிலத்தை விட்டு வெளியேற்றியது. அது சட்டவிரோதமென்று 2006-ல் அத்தேசத்து ஐகோர்ட்டே தீர்ப்புச் சொல்லிற்று. 58 வருஷம் ஆண்ட கட்சி 2024-ல் தேர்தலில் தோற்றது. பட்டாளம் தெருவுக்கு வரவில்லை, தோற்ற ஜனாதிபதி தோல்வியை ஒப்புக்கொண்டு பதவியை விட்டு இறங்கினார்.