நமக்குப் பின் அவர்களுக்கு எந்த வீடு?

மனநோயுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் ஒரு தாயோடு சற்று நேரம் உட்கார்ந்து பேசினால், மருந்தைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் தொடங்கிய பேச்சு எவ்வழியே சுற்றி வந்தாலும், "நான் கண்ணை மூடிட்டா இவனை யாரு பாப்பா?" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். அந்தக் கேள்வியின் பெரும்பகுதி இருப்பிடத்தைப் பற்றியதே: அவன் எங்கே இருப்பான், யாரோடு இருப்பான், வாடகையையும் சோற்றையும் யார் பொறுப்பேற்பார்? இதற்கு விடை காண வேண்டிய காலம் பெற்றோர் திடமாக இருக்கும் காலமே என்பதும், இந்தப் பாரத்தைக் குடும்பத்தின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு அரசாங்கம் ஒதுங்கி நிற்பது தர்மம் ஆகாது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

மனச்சிதைவு முதலான கடுமையான மனநோய்கள் பெரும்பாலும் இளமையின் வாசலிலேயே தலைகாட்டுபவை. இருபது வயதில் நோய் கண்ட மகனுக்கு ஐம்பது வயதாகும்போது, அவனுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த தாய்க்கு எழுபது கடந்திருக்கும். அவளுக்கே ஒரு துணை தேவைப்படும் அந்தத் தருணத்தில்தான், அவனுக்குப் புதிய துணை ஒன்றைத் தேட வேண்டிய நிர்ப்பந்தம் வந்து சேர்கிறது.

மும்பையின் தென்கிழக்கு மூலையில், டிராம்பே கழிமுகத்தை ஒட்டிக் கிடக்கும் சீத்தா கேம்ப்பில், ஒரு கோலி என்பது பெரும்பாலும் ஓர் அறையும், அதன்மேல் இரும்பு ஏணி வைத்து ஏற்றிய இன்னோர் அறையுமே. கீழே தாயும் நோயுற்ற மூத்த மகனும், மேலே இளையவனும் அவன் மனைவி மக்களும் என்று வாழும் வீட்டில், கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். மடிப்பில் கிழிந்த மருத்துவமனைக் கேஸ் பேப்பர், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், ரேஷன் கார்டு நகல், லைட் பில், குடியிருப்புக்கான போட்டோ பாஸ் எல்லாம் அதற்குள் இருக்கும். ஆனால் எந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் அவன் கக்கிவிடுவான், தூக்கம் கெட்ட மூன்றாம் நாள் அவன் முகத்தில் என்ன மாறுதல் தோன்றும், யார் சொன்னால் அவன் குளிக்கப் போவான் என்பனவெல்லாம் தாயின் நெஞ்சில் மட்டுமே இருக்கும். அவள் மறைந்தால் அந்த அறிவு முழுவதும் அவளோடு போய்விடும், மாத்திரை தவறும், நோய் திரும்பும், பிறகு, "குழந்தைகளை வச்சுக்கிட்டு இவரோட எப்படி இருக்கிறது?" என்ற பேச்சு மேல் அறையிலிருந்து எழும். அப்படிப் பேசுபவர்களைக் கல்நெஞ்சர் என்று ஏசுவது எளிது. அவர்களுக்கு எந்த ஆயத்தமும் செய்து கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டோம் என்பதே உண்மை.

ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அப்படிப்பட்ட காப்பகங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய குடும்பங்கள் எல்லாம் அன்பற்றவை என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். வேறு இடம் அறியாதவர்கள் தமக்குத் தெரிந்த இடத்தில் விட்டுவந்தார்கள்.

இனி, ஏற்பாடு என்பதன் முதற்படி சம்பந்தப்பட்டவரையே கேட்பது. சீத்தா கேம்ப்பின் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-ஆம் ஆண்டில், அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகிலிருந்த ஜனதா காலனியின் சுமார் 70,000 பேர், அக்காலனியின் தலைவர் ஜோக்கின் அற்புதம் போன்றோர் வழக்கு மன்றத்திலும் தெருவிலும் வருஷக்கணக்கில் போராடியும், தம் இஷ்டத்துக்கு விரோதமாக இந்தச் சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். கேட்காமல் ஒரு மனிதனை இடம்பெயர்ப்பது எத்தகைய அவமானம் என்பதை அனுபவித்தறிந்த ஊர், தன் நோயுற்ற பிள்ளைகளை மட்டும் கேட்காமல் பெயர்த்து வைக்கலாகாது. நோய் தணிந்திருக்கும் நாட்களில், "அம்மாவுக்குப் பிறகு நீ யாரோடு இருக்கப் பிரியப்படுகிறாய்?" என்று கேட்டால் அவர்கள் தெளிவாகவே பதில் சொல்வார்கள். 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அமலில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டமும், தமக்காகப் பேச வேண்டியவரை வெறும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டு நியமித்துக்கொள்ளும் உரிமையை அவர்களுக்கே அளித்திருக்கிறது.

அடுத்தது சொத்தும் வருமானமும். சொத்தில் பாகம் பெற மனநோய் தடையாகாது என்பதை 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. சுன்னி முஸ்லிம் குடும்பங்களிலோ, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமின்றி உயில் எழுத இயலாது. வாரிசாக வருபவருக்கு எழுதும் உயிலும் மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது. ஆகவே பெற்றோர் ஜீவித்திருக்கும்போதே அறிந்தவரைக் கலந்து ஹிபாவாக, அதாவது தானமாக, கொடுப்பதா, நம்பிக்கைக்குரிய இருவரை நிர்வாகிகளாக வைத்து டிரஸ்ட் அமைப்பதா என்று தீர்மானிப்பது நலம். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாவலர் நியமனம் பெறலாம் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அச்சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கே உரியது, மனநோய்க்குப் பொருந்தாது. ஊனச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்தால், உதவித்தொகைக்கு மனுச் செய்ய வழி திறக்கும். மத்திய அரசில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள், சம்பாதிக்க இயலாத மனநோயுற்ற மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி உண்டு என்பதை அறிந்து, தாம் இருக்கும்போதே அப்பெயரைப் பதியச் செய்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது பழக்கம். தாயின் கையால் மட்டுமே மாத்திரை வாங்கிப் பழகியவனை, அவள் இறந்த வீட்டில் திடீரென்று இன்னொருவரிடம் ஒப்படைப்பது இரட்டைத் துயரம். வாரத்தில் ஓர் இரவு அத்தை வீட்டில் தங்குவது, மாத்திரையைத் தானே எண்ணி எடுத்துக்கொள்வது, தம்பியோடு மருத்துவமனைக்குப் போய் வருவது என்று சிறுகச் சிறுகத் தொடங்கினால், பின்னால் வரும் மாற்றம் பேரிடியாக இராது. தாயின் நெஞ்சில் உள்ளதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அந்தப் பையில் போட்டு வைப்பதும் அவசியம். மகளின் கலியாணத்துக்காக அவள் பிறந்த நாளிலிருந்தே சீட்டுக் கட்டுகிற நாம், இதற்கு ஒரு மாலைப் பொழுதையாவது ஒதுக்கலாகாதா?

ஆயினும், தம்பியும் அத்தையும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இங்கேதான் சமூகமும் அரசும் முன்வர வேண்டும். 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் நிறுவனம், 'ஹோம் அகெய்ன்' என்ற ஏற்பாட்டின்கீழ், நெடுங்காலம் மனநோயுற்றிருந்தவர்களை நாலைந்து பேராக, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில், துணைக்கு ஒரு பணியாளரோடு குடிவைக்கிறது. அவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அக்கம்பக்கத்தாரோடு பண்டிகை கொண்டாடுகிறார்கள். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, உலகம் பின்பற்றத்தக்க முன்மாதிரிகளுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது. பெரிய கட்டடமும் உயர்ந்த மதிலும் இதற்குத் தேவையில்லை. சீத்தா கேம்ப்பின் சந்து ஒன்றில் ஒரு கோலியும், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருத்தியும், மாதந்தோறும் வந்து பார்க்கும் மருத்துவரும் போதும்.

இத்தகைய வீடு தயவு தாட்சணியத்தை நாடிக் கேட்கும் வரம் அன்று. போக்கிடம் இல்லை என்ற காரணத்துக்காக எவரையும் மனநல மருத்துவமனையில் வைத்திருக்கலாகாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கூறுகிறது. இடைநிலை இல்லங்களையும் துணையோடு வாழும் வீடுகளையும் அமைப்பது அரசின் கடமை என்று 18-ஆம் பிரிவு விதிக்கிறது. குணமானவர்களைப் பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றும் வழக்கத்தை நிறுத்தும்படி 2019-ல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர அரசுக்கே கட்டளையிட்டது. மும்பையின் குடிசைப் பகுதிகளைப் புதுப்பிக்கும் திட்டங்களில் பால்வாடிக்கும் நலக்கூடத்துக்கும் இடம் ஒதுக்க விதி இருக்கிறது. அதே விதியில், ஒவ்வொரு திட்டத்திலும் இரண்டு வீடுகளைத் துணையோடு வாழும் இல்லங்களுக்கென்று ஒதுக்கும்படி ஒரு வாசகம் சேர்த்தால், நூற்றுக்கணக்கான பெற்றோரின் அச்சம் தீரும். இந்த வாசகத்தைக் கேட்டு மனுக் கொடுக்கும் வேலையை ஜமாத்தும், மாதா கோவில் சங்கமும், கோவில் கமிட்டியும், மகிளா மண்டலும் ஒன்றுகூடி எடுத்துக்கொள்ளலாம். மாநகராட்சித் தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். பெற்றோர் தம் பங்கைச் செய்ய இன்றே தொடங்கட்டும். ஆனால் அவர்கள் நிம்மதியாகக் கண்ணை மூடும் உரிமையை உறுதி செய்ய வேண்டியது, சட்டத்தை இயற்றிவிட்டு அமைதியாக இருக்கும் அரசாங்கமே.